சளி ரிப்போர்ட்டில் "கிராம் நெகட்டிவ்" என்று வந்தால் பயம் இல்லையா?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது, சீனி வருத்தம் இருக்கு. காலபோக விதைப்பு முடிஞ்ச கையோட காய்ச்சலும் நெஞ்சுச் சளியும். ஏழு நாள் அமொக்சிசிலின் போட்டும் விடேல்லை. காசநோய் இல்லை எண்டிட்டினம். இப்ப ரிப்போர்ட்டில 'கிராம் நெகட்டிவ் பசிலை' எண்டு கிடக்கு. நெகட்டிவ் எண்டால் ஒண்டுமில்லைத்தானே? பேரப்பிள்ளைக்குத் தொற்றுமோ?"

இல்லை தங்கச்சி, டெங்கு நெகட்டிவ் என்று சொல்வது போன்றதல்ல இது. கிருமி இருக்கிறது, அது சாயம் பிடித்த விதத்தைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. 1884இல் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் வெளியிட்ட முறை. சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஊதாச் சாயமும் அயடினும் விட்டு, அல்ககோலால் கழுவுவார்கள். ஊதா போகாமல் நிற்பது பொசிட்டிவ். ஊதா கழுவுப்பட்டு, பிறகு விடும் சிவப்புச் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது நெகட்டிவ். பசிலை என்றால் கோல் வடிவம், அவ்வளவுதான். நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு படலம் இருப்பதால் பல மருந்துகள் உள்ளே போக முடியாமல் நின்றுவிடும்.

ஆனால் இது ஒரு கிருமியின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். சீனி உள்ளவர்களுக்குக் கடும் நிமோனியா கொடுக்கும் கிளெப்சியெல்லாவும் இதில்தான், பழைய நுரையீரல் நோயாளிகளில் ஒட்டிக்கொள்ளும் சூடோமோனாஸும் இதில்தான். சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்திருந்தால் வாயில் கிடந்த கிருமிகூட ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அதனால் கிருமியை வளரவிட்டு இனம் காணும் வளர்ப்புப் பரிசோதனையில் என்ன பெயர் வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது சீனியும் வயலும் சேர்ந்து வருவதுதான். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமலை என்றொரு கிராம் நெகட்டிவ் கிருமி உண்டு, அது தருவது மெலியோய்டோசிஸ். இலங்கை மண்ணில் இருக்கிற நோய் இது. குதிக்கால் வெடிப்புக்குள் சேறு அப்பியபடி நாள் முழுக்க வரம்பு கட்டுகிறவருக்கு அந்த வெடிப்பே வாசல். மழைக்காலத்தில் மூச்சோடும் உள்ளே போகும். நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே இருக்கும். அமொக்சிசிலின் கேட்காது. எலிக்காய்ச்சலுக்கென்று வாராவாரம் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை நம்பியும் இருக்க முடியாது. ஆய்வுகூடத்தில் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது.

அப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பாமசியில் இன்னொரு மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், "சீனி இருக்கு, வயல் வேலை, மெலியோய்டோசிஸாக இருக்குமோ" என்று வாய் திறந்து கேளுங்கள், இரத்தத்தையும் வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். டொக்டருக்கு அது தொந்தரவில்லை. மூச்சு வாங்கினாலோ பேச்சுத் தடுமாறினாலோ விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், இரவே போங்கள்.

அந்த நோய்தான் என்று உறுதியானால் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம். அப்புறம் மூன்று மாதமாவது கோட்ரிமொக்சசோல் குளிசை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முதலே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் விட்டது என்று குளிசையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

பேரப்பிள்ளை விஷயம்: மெலியோய்டோசிஸ் ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக மிக அரிது. வேறு கிருமியாகவும் இருக்கலாம் என்பதால், பெயர் தெரியும்வரை இருமும்போது வாயை மூடட்டும், பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டாம்.

வயலுக்கு இப்போதைக்கு விட வேண்டாம். சுகமாகிச் சீனியும் கட்டுக்குள் வந்த பிறகு போகலாம், முழங்கால்வரை பூட்ஸ் போட்டு, வெடிப்பையும் காயத்தையும் நீர் புகாமல் கட்டி. பூட்ஸ் சேற்றில் புதையும், நடக்க ஏலாது என்பார். என்றாலும் விடாதீர்கள்.