ஃப்ளூ வைரஸும் தொப்பித் திருட்டும்: கேள்வி பதில்

கேள்வி: ஃப்ளூ வைரஸ் நம் எம்ஆர்என்ஏவைத் திருடுகிறது என்கிறார்களே, முழுசாகவா?

பதில்: இல்லை, தலைப்பக்கத்தில் ஒரு துண்டை மட்டும். எம்ஆர்என்ஏ என்பது புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுத்த செய்தி. நம் எம்ஆர்என்ஏவின் தொடக்க முனையில் 'தொப்பி' என்ற மெத்தில் குவானோசின் இருக்கும். அதைப் பார்த்துத்தான் புரதம் செய்யும் ரைபோசோம் வேலையைத் தொடங்கும். தொப்பி செய்யும் நொதி ஃப்ளூவிடம் கிடையாது. அதனால் அதன் பாலிமரேஸ் (ஆர்என்ஏவை எழுதும் நொதி) செல்லின் உட்கருவுக்குள் போய், நம் எம்ஆர்என்ஏவை எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-இன் வாலைப் பற்றிக்கொள்கிறது. புதிதாக வெளியே வரும் ஆர்என்ஏ அங்கேதான் கைக்கு எட்டும். வைரஸ் பாலிமரேஸின் மூன்று பாகங்களில் பிபி2 புரதம் தொப்பியைப் பிடிக்கும். பிஏ புரதம் சுமார் 10 முதல் 13 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் எழுத்து) தள்ளி வெட்டும். வெட்டிய நுனியிலிருந்து பிபி1 வைரஸின் செய்தியை எழுதிக்கொண்டே போகும்.

ஒன்றை மறக்காதீர்கள்: இது படியெடுத்தலுக்கு, அதாவது வைரஸின் எம்ஆர்என்ஏவை எழுதுவதற்கு, மட்டும்தான். தன் மரபுத்தொகுதியை நகலெடுக்க வைரஸுக்குத் தொப்பித் துண்டு வேண்டாம்.

கேள்வி: இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஆல்ஃபா அமானிட்டின் என்ற காளான் நஞ்சு நம் பாலிமரேஸ் 2-ஐ முடக்கும், வைரஸின் பாலிமரேஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும் அதைக் கொடுத்தால் ஃப்ளூ வளரவில்லை. அப்படியானால் நம் செல்லிடமிருந்து வைரஸுக்கு ஏதோ தேவைப்படுகிறது. 1979-இல் ராபர்ட் க்ரூக் குழுவினர், தொப்பியில் கதிரியக்க அடையாளமிட்ட குளோபின் எம்ஆர்என்ஏவைச் சோதனைக்குழாயில் வைரஸோடு சேர்த்தார்கள். அடையாளம் வைரஸ் ஆர்என்ஏவின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது! வெட்டுவது பிஏதான் என்பது 2009-இல்தான் உறுதியானது.

கேள்வி: கொரோனாவும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அது சொந்தமாகத் தொப்பி செய்துகொள்ளும்.

கேள்வி: டெங்கு?

பதில்: அதுவும் சொந்தத் தொப்பிதான்.

கேள்வி: போலியோ?

பதில்: தொப்பியே இல்லாமல் சமாளிக்கும். வைரஸ் பெயரை மட்டும் மாற்றி இன்னும் பல கேள்விகள் வந்திருக்கின்றன, மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: திருடுவது ஃப்ளூ குடும்பம், அப்புறம் ஹன்டா, லஸ்ஸா வகையறா. பின்னவை உட்கருவுக்குள் போவதில்லை, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே வெட்டும்.

கேள்வி: தொப்பி போன எம்ஆர்என்ஏ செத்த மாதிரிதான். செல்லின் புரத உற்பத்தி படுத்துவிடுவதற்கு இந்தத் திருட்டுதானே காரணம்?

பதில்: கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. 2012-இல் கண்டறியப்பட்ட பிஏ-எக்ஸ் என்ற புரதம் நம் எம்ஆர்என்ஏக்களை வெட்டித் தள்ளுகிறது. பல வகை ஃப்ளூக்களில் என்எஸ்1 புரதமும் அவை முதிர்வதைத் தடுக்கிறது.

அதே நண்பர்: பிஏ-எக்ஸிலும் பிஏவின் வெட்டும் பகுதிதானே இருக்கிறது? அப்படியானால் நான் சொன்னது சரிதான்.

பதில்: வெட்டும் பகுதி ஒன்றேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரைபோசோம் வாசிப்புச் சட்டம் மாறி, அதாவது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை நழுவி, படிப்பதால் உருவாகும் தனிப் புரதம் பிஏ-எக்ஸ். அது வைரஸின் பாலிமரேஸில் சேர்வதில்லை, வெட்டிய துண்டைக் கொண்டு எதையும் எழுதுவதுமில்லை. அழிப்பது வேறு, திருடுவது வேறு.

கேள்வி: தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போகுமா?

பதில்: அது சைட்டோபிளாசத்தில் வேலை செய்து, அங்கேயே சிதைந்துவிடும்.

கேள்வி: திருட்டைத் தடுக்க மருந்து உண்டா? எவ்வளவு சாப்பிடலாம்?

பதில்: பலோக்சவிர். பிஏவின் வெட்டும் இடத்தை அடைக்கும். 2018-இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதித்தன. பிஏவின் 38-ஆவது அமினோ அமிலம் ஐசோலூசினிலிருந்து திரியோனினாக மாறினால் மருந்தின் பிடி தளர்கிறது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.