4 சதவீத ஆர்க்கிடெக்டா, 7 சதவீத ஆர்க்கிடெக்டா?

கேள்வி: என் மனையில் 6 வீடுகள் கட்டி விற்கப் போகிறேன். பாதிப் பணம் கடன். ஓர் ஆர்க்கிடெக்ட் கட்டுமானச் செலவில் 4 சதவீதம் கேட்கிறார், இன்னொருவர் 7 சதவீதம். குறைவாகக் கேட்பவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 4 சதவீதத்தில் என்னென்ன அடங்கும் என்று முதலில் கேளுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (தூண், அஸ்திவாரம் போன்றவற்றின் பலத்தைக் கணக்கிடுபவர்), மின்சாரம், பிளம்பிங் வரைபடங்கள், அனுமதி வேலை, கட்டும்போது சைட்டுக்கு வந்து பார்ப்பது, இதெல்லாம் தனிக் கட்டணம் என்றால் 4 என்பது 7-ஐத் தாண்டிவிடலாம்.

நீங்கள் குடியிருக்கக் கட்டவில்லை, விற்கக் கட்டுகிறீர்கள். உங்கள் லாபம் வரைபடத்தில்தான் இருக்கிறது. மொத்தக் கட்டடப் பரப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய பிளானில் படிக்கட்டு, நடைபாதை, பொது இடங்களுக்கு 22 போய் விற்க 78 மிஞ்சுகிறது. மற்றவர் அதை 16-க்குள் முடித்து 84 தருகிறார். கட்டும் செலவு கிட்டத்தட்ட அதேதான், விற்கும் பரப்போ ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல். இதற்கு முன்னால் கட்டணத்தில் 4-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை. ஆனால் கூடுதலாகக் கேட்பவர்தான் 84 தருவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே செய்த சிறிய அடுக்குமாடிகளின் பிளானை வாங்கி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் கட்டடங்களின் உரிமையாளர்களிடம் பேசுங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், அதை நேரில் பார்த்தாலே தெரியும். முதல் மதிப்பீடு எவ்வளவு, முடிந்தபோது எவ்வளவு, வேலை ஆரம்பித்த பிறகு எத்தனை முறை வரைபடம் மாறியது, இதைக் கேளுங்கள். உங்களுக்குக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். வரைபடம் தாமதமானால் அந்த மாதங்களின் வட்டி உங்கள் தலையில்தான்.

சதவீதக் கட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு: செலவு ஏற ஏற அவருடைய கட்டணமும் ஏறும். அதனால் பரப்பும் வேலையும் தெளிவானதும் மொத்தத் தொகையாகப் பேசிக்கொள்வதே உங்களுக்குப் பாதுகாப்பு. அதைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், ஒரு பகுதியைக் கட்டடம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். நடுவில் பிரிய நேர்ந்தால், பணம் கொடுத்த வரைபடங்களை இன்னொருவரை வைத்துத் தொடரும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் முடிவு வரவில்லையா? இருவருக்கும் ஒரு சிறு தொகை கொடுத்து முதல்நிலை பிளானை மட்டும் போடச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்டால் பழைய பிளான் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுக்க வாய்ப்பு அதிகம்.