ஃபுட்பால் ஷூட்டிங் வராத பையனை ஜிம்மில் சேர்க்கலாமா?

"மகனுக்கு 14 வயது. ஃபுட்பாலில் ஷூட்டிங் சரியாக வரவில்லை. கால் பலத்துக்கு ஜிம்மில் சேர்க்கலாமா, வேறு என்ன உடற்தகுதி வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. வலது காலால் உதைப்பவன் என்றால், இடது காலில் மட்டும் நின்று கண்ணை மூடச் சொல்லுங்கள். எத்தனை விநாடி நிற்கிறான் என்று எண்ணுங்கள்.

நான் பெங்களூரு கௌதமபுரத்தில் வளர்ந்தவன். அல்சூர் பக்கம், பெலேவுக்குச் சிலை வைத்த தமிழ்ப் பேட்டை. ஞாயிறு காலையில் எங்கள் பையன்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறேன். போன வருடம் ஒருவன் வந்தான், தொடை கல்லு மாதிரி. ஆனால் அடித்த பந்தெல்லாம் கோல் போஸ்ட்டுக்கு மேலே போகும். "இன்னும் ஸ்குவாட் போடட்டுமாண்ணா?" என்றான். நான் அவனுடைய ஊன்று காலைப் பார்த்தேன், உதைக்கும்போது தரையில் நிற்கும் கால். பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஊன்றுகிறான், ஊன்றியதும் கணுக்கால் ஆடுகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் பாதம் பந்தின் அடியில் படும், பந்து ஏறத்தான் செய்யும். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணுவதற்குள் மறு காலைக் கீழே வைத்துவிட்டான்.

தினம் பத்து நிமிடம் ஒற்றைக் காலில் நின்று பந்தைக் கையால் பிடித்து எறிய வைத்தேன், அப்புறம் ஒற்றைக் காலில் தாவி அசையாமல் நிற்பது. எல்லாம் வெறுங்காலில். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம் ஒரே கோலை அடித்தவர், மைசூருக்கு ஆடிய சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். விரல்கள் தரையைப் பிடிப்பதை ஒரு பையன் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் அவனுடைய ஊன்று கால் பந்துக்குப் பக்கத்தில் வந்தது, பந்தும் கீழே இறங்கியது.

அடுத்து இடுப்பின் நெகிழ்வு. பள்ளி, டியூஷன் என்று நாள் முழுக்க உட்காரும் பிள்ளைகளுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிவிடும், காலைப் பின்னால் முழுசாக இழுக்க முடியாது. வில்லைப் பாதி வளைத்தால் அம்பு எவ்வளவு தூரம் போகும்?

பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்து 410 முதல் 450 கிராம்தான். பாதம் அதைத் தொடும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால் பலத்தைச் சட்டென்று வேகமாக மாற்றத் தெரிய வேண்டும், அதுதான் பவர். சின்னத் தாவல்கள், குறுகிய ஓட்டங்கள் அதற்குப் போதும். உதைத்த காலை நிறுத்துவது பின்தொடை என்பதால் அதையும் விடாதீர்கள். தாங்குதிறன் ஆட ஆட வரும்.

ஜிம்மா? சரியாகச் சொல்லித்தர ஆள் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் உடல் எடைப் பயிற்சியில் தொடங்கட்டும். எத்தனை விநாடி நின்றான் என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.