உள்ளே போனதா, வெளியே வரவில்லையா?

கேள்வி: பி.சி.12 செல்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் டெல்டா ஓபியாய்டு ஏற்பிகள் (ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் பற்றும் புரதங்களில் ஒரு வகை) செல்லுக்குள் தென்படுகின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். மேற்பரப்பில் இருந்தவை உள்ளிழுக்கப்படுகின்றன என்றுதானே இதற்குப் பொருள்?
– உயிர்வேதியியல் முதுகலை மாணவி ஒருவர்

பதில்: அந்த எண்ணம் எழுவது இயல்பே, ஆனால் இங்கே நடப்பது வேறு. எலியின் அட்ரீனல் சுரப்பிக் கட்டியிலிருந்து கிரீன், டிஷ்லர் என்ற ஆய்வாளர்கள் 1976-இல் உருவாக்கிய இந்தச் செல்கள், நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைத்ததும் பெருகுவதை விட்டுவிட்டுச் சில நாட்களில் நரம்பிழைகளை நீட்டத் தொடங்கும். அதனால்தான் நரம்பணுவுக்கு மாற்றாக இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் சொல்லும் உள்ளிழுப்பு, மேல்தோல் வளர்ச்சிக் காரணிக்குப் பொருந்தும். அது தன் ஏற்பியோடு இணைந்ததும் சவ்வு உட்குழிந்து இரண்டையும் ஒரு நுண்பையாக உள்ளே கொண்டுபோகிறது. அந்த ஏற்பிகளில் பல, செல்லின் சிதைப்பு அறையான லைசோசோமில் சிதைந்துபோகின்றன.

டெல்டா ஏற்பியோ நரம்பு வளர்ச்சிக் காரணியோடு இணைவதே இல்லை. அந்தக் காரணி பற்றிக்கொள்வது டி.ஆர்.கே.ஏ. என்னும் வேறோர் ஏற்பியை. அங்கிருந்து புறப்படும் சைகை, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பிலிருந்து சரக்கை வெளியேற்றத் துணைசெய்யும் பி.ஐ.3 கைனேஸ் வகை நொதி ஒன்றை அடக்கிவிடுவதால், புதிதாக உருவான டெல்டா ஏற்பிகள் மேற்பரப்புக்குப் போகாமல் கோல்கையின் வெளிவாயிலிலேயே தேங்கிவிடுகின்றன. சுமார் ஒரு மணி நேரத்திலேயே இதைப் பார்க்கலாம். புரத உற்பத்தியை சைக்ளோஹெக்சிமைடால் முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இந்தத் தேக்கம் உண்டாவதில்லை என்பதே, தேங்குபவை பழைய ஏற்பிகள் அல்ல, புதியவை என்பதற்கு வலுவான சான்று. மார்ஃபின் முதன்மையாகச் செயல்படும் மியூ ஏற்பியோ இப்படித் தடுக்கப்படுவதில்லை. நெருங்கிய உறவுடைய இரு புரதங்களைச் செல் இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மருத்துவத்துக்கும் இது முக்கியமானது. மியூ ஏற்பியை நாடும் மருந்துகளைவிட அடிமையாக்கும் தன்மை குறைந்த வலிநிவாரணிகளை டெல்டா ஏற்பியின் வழியாகப் பெறலாம் என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. ஆனால் நரம்பணுக்களில் அந்த ஏற்பிகளில் பெரும்பகுதி உள்ளேயே தங்கியிருப்பதால், மருந்துக்கு மேற்பரப்பில் கிடைக்கும் இலக்கு குறைவு.

ஒளிரும் குறியிட்ட டெல்டா ஏற்பியை நுண்ணோக்கியில் பார்க்க வாய்த்தால், காரணி கொடுக்காத செல்லின் விளிம்பில் வளையமாகவும், கொடுத்த செல்லில் அதோடு கருவை ஒட்டிய ஒளித்திட்டாகவும் தெரியும். அந்தத் திட்டை மட்டும் கண்டு முடிவுகட்டாமல், கோல்கையின் வெளிவாயிலுக்கு அடையாளமான டி.ஜி.என்.38 புரதத்தையும் வேறு நிறத்தில் சாயமேற்றிப் பாருங்கள். இரு நிறங்களும் ஒரே இடத்தில் பொருந்தினால், அது உள்ளிழுப்பு நுண்பைகளின் கூட்டமன்று, கோல்கையில் தங்கிய ஏற்பிகள்தாம் என்று துணிந்து எழுதலாம்.