மன்னித்துவிடச் சொல்கிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மரண தண்டனை கூடாது என்று நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள் போனில் அனுப்பினாள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் தகராறில் என் தம்பியை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். ஜாமீனில் வந்துவிட்டார்கள், ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள், நற்கருணை நன்மை வாங்குகிறார்கள். வழக்கு இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. நேரில் பார்த்தது நானும் தம்பி மனைவியும். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "கிறிஸ்தவங்களா இருந்துக்கிட்டு கோர்ட்டுல நிக்கணுமா, மன்னிச்சு விட்டுடுங்க, பிள்ளைங்க படிப்புக்கு ஒரு தொகை வாங்கித் தர்றோம்" என்கிறார்கள். பங்குச்சாமியும் பிரசங்கத்தில் எழுபது முறை ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்று எங்களைப் பார்த்தே சொன்னார். அவர்கள் உள்ளே இருந்தபோது சிறைப்பணி என்று கன்னியர்கள் ஜெயிலுக்குப் போய் அவர்களுக்கு ஜெபமாலை கொடுத்துவிட்டு வந்தார்கள். என் தம்பி வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்கவில்லை. திருச்சபை குற்றவாளி பக்கம்தானா? மன்னிக்க முடியவில்லை என்றால் எனக்குப் பாவமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

முதலில் நேரான பதில். சாட்சி சொல்லுங்கள். நீங்களும் தம்பி மனைவியும் பார்த்ததைப் பார்த்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு ஒரு பாவமும் இல்லை. உங்களை அதிலிருந்து தடுக்கிறவர்கள் எந்தப் பேரைச் சொல்லித் தடுத்தாலும் திருச்சபையின் போதனையைச் சொல்லித் தடுக்க முடியாது.

கொலை வழக்கில் "விட்டுவிடுங்கள்" என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, கொலை அதில் இல்லை. வழக்கை நடத்துவது அரசு, அதை வாபஸ் வாங்க உங்களால் முடியாது. அப்படியானால் அவர்கள் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கூண்டில் ஏறி, கடவுள் பேரில் சத்தியம் செய்து, "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்வது. கோர்ட்டில் அதற்குப் பிறழ் சாட்சி என்று பெயர். நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளைகளில் எட்டாவது பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது, சத்தியம் செய்துவிட்டுச் சொன்னால் இரண்டாவதும் சேர்ந்து உடைகிறது. தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பாவம் செய்யச் சொல்லிவிட்டு அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

பிரசங்கத்தில் வந்த அந்த எழுபது முறை ஏழு முறை மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் ஆறேழு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். உன் சகோதரன் உனக்கு எதிராகப் பாவம் செய்தால் போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்று இருக்கிறது. மன்னிப்பு பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது. மலைப்பொழிவில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் சொல்வதும் யாரிடம்? யார்மேல் பிறருக்கு மனத்தாங்கல் இருக்கிறதோ அவனிடம். அதாவது எழுந்து நடக்க வேண்டியவர்கள் அவர்கள், உங்கள் வீட்டை நோக்கி. கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கொரிந்தியர் திருமுகத்தைக் காட்டுவார்கள், பவுல் அங்கே பேசுவது அற்ப வழக்குகளைப் பற்றி. ஒரு மனுஷன் உயிர் அற்ப வழக்கா?

சரி, திருச்சபை குற்றத்தையும் தண்டனையையும் எப்படிப் பார்க்கிறது? குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை நினைத்துக்கொண்டால் போதும். மனஸ்தாபப்பட வேண்டும், வாயால் குற்றத்தைச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். மூன்றில் ஒன்றைக்கூடத் தள்ளிவைக்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பாவப்பொறுத்தல் பாவத்தை நீக்கும், ஆனால் பாவம் உண்டாக்கிய சீர்கேடுகளை எல்லாம் சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். வரி வசூலித்து வந்த சக்கேயு வீட்டுக்கு ஆண்டவர் போன உடனே சக்கேயு என்ன சொன்னான்? ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். இப்போது சீரமைப்பு நீதி என்று பேசுகிறார்களே, குற்றம் செய்தவர், பாதிக்கப்பட்டவர், ஊர் மூன்றையும் உட்கார வைத்து உடைந்ததைச் சரிசெய்வது, அதற்குக் கத்தோலிக்கத்தில் வேர் இங்கேதான் இருக்கிறது. அதன் முதல் நிபந்தனை, செய்தவன் "நான்தான் செய்தேன்" என்று ஒத்துக்கொள்வது. உங்கள் ஊரில் நடப்பதில் அது எங்கே இருக்கிறது? செய்யவில்லை என்று கோர்ட்டில் வாதாடிக்கொண்டே பணம் கொடுத்து வாயை மூடுவது கட்டப்பஞ்சாயத்து.

உண்மையான மன்னிப்பு எப்படி நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியில் ஏழை ஆதிவாசிகளோடு வேலை செய்தார். வட்டிக்காரர்கள் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்கும் வேலை. பொறுக்காதவர்கள் ஆள் ஏற்பாடு செய்தார்கள். 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பஸ்ஸில், பயணிகள் பார்த்திருக்க, சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை கிடைத்தது. "கன்னியர் கொலைதானே, மன்னித்துவிடுவோம்" என்று வழக்கை யாரும் அமுக்கவில்லை. சிறைக்குள் ஒரு குருவானவர் திரும்பத் திரும்பப் போய் அவரைப் பார்த்தார். ஏழு வருஷம் கழித்து, 2002இல், ராணி மரியாவின் தங்கை, அவரும் அதே சபைக் கன்னியர்தான், சிறைக்குப் போய் சமந்தர் கையில், சகோதரனாக ஏற்பதன் அடையாளமான ராக்கிக் கயிற்றைக் கட்டினார். பின்னால் அவர்களுடைய அம்மாவும் அவரைச் சந்தித்து, மகளைக் குத்திய அந்தக் கைகளையே முத்தமிட்டார். குடும்பமே மனுக் கொடுத்து 2006இல் அவர் விடுதலையானார், அப்புறம் கேரளத்தில் அவர்கள் வீட்டுக்கே போனார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது சமந்தரும் வந்திருந்தார்.

இதைச் சொல்லி உங்களையும் ராக்கி கட்டச் சொல்வேனோ என்று பயப்படாதீர்கள். நான் காட்ட விரும்புவது இது நடந்த வரிசையை. முதலில் உண்மை வெளியே வந்தது, தீர்ப்பு வந்தது, தண்டனையும் தொடங்கியது. கொன்றவர் உடைந்து அழுதார். அந்தக் குடும்பம் தன் மனசு கனிந்தபோது தானாகப் போனது. கட்டாயப்படுத்தி வரவழைத்திருந்தால் அந்த ராக்கிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இலங்கையிலும் பாருங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலிலும் பூசையில் இருந்த மக்களைத் தற்கொலைக் குண்டுதாரிகள் கொன்றார்கள். அடுத்த வருஷ ஈஸ்டரில் கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே கர்தினால், பின்னால் இருந்தவர்கள் யார், தெரிந்தும் தடுக்காதவர்கள் யார் என்ற உண்மை வெளியே வர வேண்டும் என்று இத்தனை வருஷமாக விடாமல் கேட்டு வருகிறார். உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் குருக்களும் போட்ட மனுக்களின்மேல் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மன்னித்த பிறகும் நீதி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தண்டிக்காமல் விடுவதைக் கருணை என்று நினைத்ததற்குத் திருச்சபை கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த குருக்களைக் கண்டித்து இடம் மாற்றிவிட்டால் போதும் என்று உலகம் முழுக்க எத்தனை மேற்றிராணிமார்கள், அதாவது ஆயர்கள், இருந்தார்கள். மாற்றின இடத்தில் இன்னும் பல பிள்ளைகள் அழிந்தார்கள். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தின் தண்டனைப் பகுதியைத் திருத்தி வெளியிட்டபோது, அன்புக்கும் தண்டனைக்கும் உள்ள நெருங்கின உறவைப் புரிந்துகொள்ளாததால் பெரும் கேடு விளைந்தது என்றே எழுதினார். நீதியை மீட்பது, தவறியவனைத் திருத்துவது, ஊருக்கு வந்த இடறலைச் சரிசெய்வது, இந்த மூன்றுக்கும்தான் தண்டனை என்கிறது அந்தச் சட்டம்.

அப்படியானால் மரண தண்டனையை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள் என்பீர்கள். ஏனென்றால் அது கொன்றவன் பரிகாரம் செய்வதற்கு இருக்கிற ஒரே காலத்தையும் எடுத்துவிடுகிறது. திருச்சபையின் கை இதில் சுத்தமில்லை. பாப்பரசர்கள் ரோமை ஆண்ட காலத்தில் மரண தண்டனையை நிறைவேற்றும் வேலையில் இருந்த ஒரே ஆள் 1796 முதல் 1864 வரை ஐநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறார். வத்திக்கான் தன் சட்டத்திலிருந்து மரண தண்டனையை நீக்கியது 1969இல், எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாதது என்று மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டது 2018இல். ஆனால் இதற்கும் பழைய வேர் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் ஒரு குருவைக் கொன்று, இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டினவர்கள் பிடிபட்டபோது, ஹிப்போ மேற்றிராணியார் அகுஸ்தினார் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்: அவர்கள் செய்ததையே அவர்களுக்குச் செய்யாதீர்கள், அடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, உயிரையும் உறுப்பையும் எடுக்காமல் ஏதாவது உபயோகமான வேலையில் அமர்த்துங்கள் என்று. கொல்லப்பட்டவர் அவருடைய சொந்தக் குரு. உங்கள் தம்பியைக் கொன்றவர்கள் வருஷக்கணக்கில் சிறையில் இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் நானும் உங்களோடு அதை விரும்புகிறேன். தூக்கில் தொங்க வேண்டும் என்றால் அங்கே மட்டும் என்னால் கூட வர முடியவில்லை.

சிறைப்பணி பற்றிய உங்கள் குறை முழுக்க நியாயமானது. கன்னியர்கள் ஜெயிலுக்குப் போனது சரி, அது ஆண்டவர் சொன்ன வேலை. ஆனால் "சிறையில் இருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்" என்று மத்தேயு 25இல் சொன்ன அதே ஆண்டவர்தான் துயருறுவோர் ஆறுதல் பெறுவர் என்றும் சொன்னார். கொலைகாரனைப் பார்க்கப் போகிற ஒரு பங்கு கொலையுண்டவன் வீட்டைத் தாண்டிப் போகிறது என்றால் அங்கே ஏதோ பெரிதாகக் கோளாறாகியிருக்கிறது. அமெரிக்க ஆயர்கள் 2000ஆம் ஆண்டு குற்றமும் தண்டனையும் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பாதிக்கப்பட்டவர்களோடு துணை நிற்பதையும் கைதிகளைச் சந்திப்பதையும் சேர்த்தே திருச்சபையின் கடமையாகச் சொன்னார்கள். நம் பங்குகளில் முதல் பாதி காணாமலே போய்விட்டது. இந்தப் பதிலை அப்படியே அச்செடுத்து உங்கள் பங்குச்சாமி கையில் கொடுங்கள், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

மன்னிக்க முடியவில்லை என்றால் பாவமா என்று கேட்டீர்கள். பழிவாங்கக் கத்தியை எடுத்தால் பாவம். அவர்கள் பிள்ளைகள் நாசமாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது மனசை அரிக்கும், அதை முடிந்தவரை தள்ளிவையுங்கள். ஆனால் அவர்களைப் பார்த்ததும் உடம்பு நடுங்குவது, பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்கிற அந்த ஒரு வரியில் நாக்கு நின்றுபோவது, இதெல்லாம் காயம், பாவம் இல்லை. அந்த வரியைச் சொல்ல முடியாத நாளில் "ஆண்டவரே, எனக்கு இன்னும் முடியவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

கடைசியாக இரண்டு வேலை. சாட்சிகளை யாராவது மிரட்டினால் பாதுகாப்புக் கேட்க 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, அரசு வக்கீலிடம் சொல்லி மனுப் போடுங்கள். பிள்ளைகள் படிப்புக்குக் கொன்றவர்கள் தரும் ரகசியத் தொகை வேண்டாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் அரசிடம் கேட்க வழி இருக்கிறது, அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தம்பி மனைவி பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால உதவியும் கேட்கலாம். ஆணைக்குழு அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், வக்கீல் செலவு கிடையாது. சாட்சி நாள் முடிந்ததும் எழுதுங்கள்.