போனை ரூட் செய்யலாமா? எதற்காக என்று முதலில் பார்ப்போம்

நான்கு வருடமாகக் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாங்கும்போதே கம்பெனி ஏற்றிக் கொடுத்த ஆப்களை அழிக்க முடியவில்லை, படம் எடுக்கக்கூட இடமில்லை, எங்கே தொட்டாலும் விளம்பரம், சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை, அப்டேட் வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. "ரூட் பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஆனால் பேங்க் ஆப் இருப்பதும் இதே போனில்தான். செய்யலாமா?"

ரூட் என்றால் போனுக்குள் எதையும் மாற்றும் உச்ச அதிகாரத்தை நாமே எடுத்துக்கொள்வது. வேறு போன் இல்லையென்றால் செய்யாதீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பல வருடங்களாக ரூட் செய்த போன் வைத்திருப்பவன் நான், இப்போதும் மேசையில் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் ஒன்றுக்குக்கூட ரூட் தேவையில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இடப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஆப்கள் குடியிருக்கும் சிஸ்டம் பகுதி வேறு, உங்கள் படமும் வீடியோவும் சேரும் பகுதி வேறு, இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. ரூட் செய்து அந்தப் பக்கம் ஒரு ஆப்பை அழித்தாலும், காலியாகும் இடம் அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். உங்களுக்கு ஒரு படம் சேமிக்கக்கூட உதவாது. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை, ரூட் செய்த பிறகுதான் ஏமாந்து போகிறார்கள். உங்கள் பகுதியைத் தின்பது அந்த ஆப்கள் பிறகு இறக்கிக்கொண்ட அப்டேட்டும் சேர்த்து வைத்த டேட்டாவும். அதைக் காலி செய்ய செட்டிங்ஸில் போய் அந்த ஆப்பின் அப்டேட்டை நீக்கி 'டிசேபிள்' கொடுத்தால் போதும். அந்த பட்டனே இல்லாத பிடிவாதமான ஆப் என்றால், செட்டிங்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டரோடு இணைத்து, ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக உங்கள் யூசர் கணக்கிலிருந்து மட்டும் அதை நீக்கிவிடலாம். தவறிப்போய் வேண்டியதை நீக்கிவிட்டாலும் ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்ப வந்துவிடும். ஆனால் பெயர் புரியாத எதிலும் கை வைக்காதீர்கள்.

விளம்பரத்துக்கு ஆண்ட்ராய்டு 9-லிருந்தே 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. டிஎன்எஸ் என்பது ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் சர்வர் எங்கே என்று சொல்லும் சேவை. விளம்பர சர்வர்களைத் தடுக்கும் ஒரு டிஎன்எஸ் முகவரியை அங்கே கொடுத்துவிட்டால் பிரவுசரிலும் ஆப்களிலும் பெரும்பாலானவை அடங்கிவிடும். யூடியூப் விளம்பரம் போகாது. ரூட் செய்து, எந்தத் தளங்களைத் தடுப்பது என்று போனுக்குள்ளேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றினாலும் அது போகாது, வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால். சார்ஜ் நிற்காததற்குக் காரணம் அனேகமாக பேட்டரியின் வயது. நான்கு வருடம் உழைத்த லித்தியம் பேட்டரியை எந்த மென்பொருளும் புதிதாக்காது, மாற்றத்தான் வேண்டும்.

மிச்சம் அப்டேட். இங்கேதான் உங்கள் நண்பர் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பூட்லோடர் என்பது போன் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள். பூட்லோடர் அன்லாக் என்பது, கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருளைத்தான் ஏற்றுவேன் என்று போன் பிடித்துக்கொண்டிருக்கும் பூட்டைத் திறப்பது. கஸ்டம் ரோம் என்பது லினியேஜ் ஓஎஸ் போன்ற வேறொரு ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொள்வது. ரூட் என்பது, இருக்கிற ஆண்ட்ராய்டுக்குள் உச்ச அதிகாரம் எடுத்துக்கொள்வது. கம்பெனி கைவிட்ட போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டு வேண்டுமென்றால் அதற்கு வழி கஸ்டம் ரோம். ரூட் செய்தால் ஒரு அப்டேட்கூடக் கூடுதலாக வராது, வருகிற அப்டேட்டும் தடைபடும்.

அப்படியானால் ரூட் எதற்குத்தான்? காரணம் இல்லாமல் நான் வைத்திருக்கவில்லை. ஆண்ட்ராய்டின் அடியில், அதன் மையமாக ஓடுவது லினக்ஸ் கெர்னல். ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி யூசராக, தனித்தனி எண் கொடுத்து, ஒன்றின் அறைக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாதபடி அடைத்து வைத்திருக்கிறது. எண் 0 உள்ள யூசருக்கு, அதாவது ரூட்டுக்கு, எல்லா அறையும் திறக்கும். ஒரு ஆப்பை அதன் உள் டேட்டாவோடு அப்படியே பேக்கப் எடுத்து இன்னொரு போனில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இந்த ஆப்புக்கு இணையமே கிடையாது என்று தனியாக ஃபயர்வால் போடலாம், 80 சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தச் சொல்லலாம். சில புதிய போன்களில் இந்தக் கடைசி வசதி ரூட் இல்லாமலே வந்துவிட்டது. போன் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ள ஆசை இருப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை, அதை மனதாரச் சொல்கிறேன்.

அந்த அதிகாரம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றால், ஏதோ ஒரு ஆப் ரூட் கேட்கும்போது மேஜிஸ்க், அதாவது போனை ரூட் செய்து அந்த அனுமதிகளை நிர்வகிக்கும் கருவி, ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். அனுமதிக்கவா, மறுக்கவா, பக்கத்தில் நொடிகள் ஒவ்வொன்றாகக் குறையும். நீங்கள் எதுவும் அழுத்தவில்லையென்றால் மறுத்துவிடும். அவசரத்தில் ஒரு தவறான ஆப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டால், அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர்கள் அந்த ஆப்புக்கு இல்லாமல் போய்விடும்.

பேங்க் ஆப் பயப்படுவது இதற்குத்தான். பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சோதனை மூலம் 'இந்தப் போன் கலப்படம் இல்லாததா' என்று அது கேட்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதற்குச் சாட்சி சொல்வது சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி, அதை ஏமாற்றுவது சுலபமில்லை. ரூட் செய்ததை மறைக்க மேஜிஸ்க்கில் சேர்க்கும் மாட்யூல்கள் இருக்கின்றன, நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், சில நாள் ஓடும், அப்புறம் ஒரு காலையில் ஆப் திறக்காது. 2025-இல் கூகுள் இந்தச் சோதனையை மேலும் இறுக்கிவிட்டது. அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் இந்தக் கண்ணாமூச்சி ஆட்டம் உங்களுக்கு வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, இதற்காக நீங்கள் இழப்பதில் பெரும்பகுதி பூட்லோடர் பூட்டைத் திறக்கும்போதே போய்விடுகிறது, ரூட் செய்வது அதற்குப் பிறகுதான். திறந்த நொடியில் போனில் உள்ளது அத்தனையும் அழியும். திருடன் பூட்டைத் திறந்து உங்கள் டேட்டாவை எடுக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். சாம்சங் போன்களில் அதிகாரப்பூர்வமில்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின் உருகி எரிந்துவிடும், பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மாறாது, ரகசியமானவற்றைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் நிரந்தரமாகப் போய்விடும். சில போன்களில் வீடியோவைத் திருட்டிலிருந்து காக்கும் வைட்வைன் அமைப்பின் தரம் இறங்கி, நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத்தான் ஓடும்.

அந்த அழிப்பைப் பற்றி ஒரு அனுபவம். முதல் முறை பூட்டைத் திறந்தபோது வால்யூம் பட்டனால் 'அன்லாக்' வரிக்கு இறங்கி, பவர் பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான். படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன. மறந்தது ஒன்றே ஒன்று, இரண்டடுக்குப் பாதுகாப்புக்குக் குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப். என் மின்னஞ்சலுக்குள் நானே நுழைய முடியாமல் பல நாள் தவித்தேன். ஆகவே யாராக இருந்தாலும் முதலில் அதை வேறொரு போனுக்கு மாற்றிவிட்டு, ரெக்கவரி குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

புதுப் போன் வாங்கி, இந்தப் பழைய போன் சும்மா கிடக்கும் நாள் வந்தால் தாராளமாக இறங்குங்கள். ஒரே தட்டில் ரூட் என்று வரும் ஆப்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அவை உள்ளே என்ன செய்கின்றன என்று யாருக்கும் காட்டுவதில்லை. மேஜிஸ்க்கை அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். போனில் இப்போது ஓடும் அதே பில்டு எண்ணுடைய அசல் பூட் இமேஜைத்தான் (போன் தொடங்கத் தேவையான ஃபைல்) மேஜிஸ்க்கால் பேட்ச் செய்ய, அதாவது மாற்றியமைக்க வேண்டும், ஆண்ட்ராய்டு 13-ஓடு வெளிவந்த போன் என்றால் பெரும்பாலும் அது இனிட் பூட் என்ற பெயரில் இருக்கும். பேட்ச் செய்யாத அசலையும் கம்ப்யூட்டரில் வைத்திருங்கள், லோகோவிலேயே போன் சுற்றிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் அதுதான் காப்பாற்றும். மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போது பூட்டைத் திரும்பப் பூட்டவே பூட்டாதீர்கள், போன் எழாமல் போகலாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் இன்றே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரியைத் தேடுங்கள். இணையத்தோடு இணைத்துச் சில நாள் பொறுத்த பிறகும் அது சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமலே இருந்தாலோ, அந்த வரியே இல்லையென்றாலோ, அனேகமாக உங்கள் மாடலில் பூட்டைத் திறக்கக் கம்பெனி அனுமதிக்கவில்லை. அனுமதி இருந்தால், மாடல் எண்ணை எழுதிக்கொண்டு லினியேஜ் ஓஎஸ் ஆதரிக்கும் போன்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.