பொறித்தடத்துக் குடில்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆகஸ்டில் நண்பர்களோடு, கனடாவின் வடமேற்கிலுள்ள வைட்ஹார்ஸிலிருந்து டாசன் நகரம் வரை யூக்கான் ஆற்றில் படகில் சென்றேன். வழியில் கரையோரம், பொறி வைத்து வாழ்ந்தவர்களின் பழைய மரக்குடில் ஒன்று இருந்தது. பூட்டு இல்லை. உள்ளே ஒரு தகர அடுப்பு, உத்தரத்தில் செருகிய ஒடுங்கிய பலகைகள், சுவரோரம் மூன்றரை அடி நீளத்தில் சாமான் வைக்கும் தட்டு, அடுப்பருகே ஒரு பெட்டி நிறையச் சுள்ளி. மழையில் நனைந்திருந்ததால் அந்தச் சுள்ளியை எரித்துத் தேநீர் வைத்துக் குடித்தோம். உலகை விட்டு விலகி அங்கே தனித்து வாழ்ந்த மனிதனை எண்ணிப் பொறாமைப்பட்டேன். வடபகுதிக் குடில்களைப் பற்றி எழுதிய உங்களையும் அந்தத் தனிமைதான் ஈர்த்ததா? விலங்குகளைக் கொன்று தோல் விற்ற தொழிலை நாம் ஏக்கத்தோடு நினைப்பது சரியா?

ஒரு வாசகர், டொராண்டோ

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 2014 பிப்ரவரியில், க்விச்சின் என்னும் வடபகுதிப் பழங்குடி மக்களின் ஊரான ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து, உறைந்த பீல் ஆற்றின் மேல் ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியில் ஒரு பெரியவர் என்னைத் தம் தந்தையின் குடிலுக்கு அழைத்துச் சென்றார். பட்டை உரிக்கப்பட்ட ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை அடுக்கி, இடுக்குகளில் பாசி திணித்துக் கட்டிய, குனிந்துதான் நுழைய முடிந்த ஓர் அறை. தனிமையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இங்கே நாங்கள் ஒன்பது பேர்" என்றார்.

நீங்கள் பார்த்த குடிலை யார் கட்டினார்கள் என்று நான் அறியேன். தனியாக வாழ்ந்த வெள்ளையர்களும் யூக்கானில் உண்டு. ஆனால் நம் கற்பனை உடனே அந்தத் தனி மனிதனிடம் போய் நிற்பதற்கு, அவனைப் பற்றி மட்டுமே கதைகள் பரவியது ஒரு காரணம். பீல் ஆற்றுக்கு அருகிலுள்ள ராட் ஆற்றங்கரையில் குடில் கட்டியிருந்த, ஆல்பர்ட் ஜான்சன் என்று அறியப்பட்ட மனிதனைக் காவல்துறை ஏறத்தாழ ஏழு வாரம் துரத்தி, 1932 பிப்ரவரி 17 அன்று சுட்டுக் கொன்றது. இன்றுவரை அவன் உண்மையில் யார் என்பது தெரியவில்லை. அதனாலேயே அவன் புகழ்பெற்றான். ஆனால் காவலர்கள் அவன் கதவைத் தட்டச் சென்றது, அக்கம்பக்கத்துப் பழங்குடியினரின் பொறிகளை அவன் கலைக்கிறான் என்ற புகாரை விசாரிக்கத்தான். அந்தக் காடு ஆளற்ற வெளியாக இருந்திருந்தால் புகார் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பொறித்தடம் என்பது, தலைக்குடிலிலிருந்து புறப்பட்டு, ஒரு நாள் நடைக்கு ஒன்றாக அமைந்த சிறு குடில்களைத் தொட்டுத் திரும்பி வரும் பாதை. குளிர்காலத்தில்தான் விலங்கின் மயிர் அடர்ந்திருக்கும் என்பதால் வேலையெல்லாம் அப்போதுதான். மரமேறும் சிறு விலங்கான மார்ட்டனுக்கு மரத்தில் ஒரு கம்பைச் சாய்த்து வைத்து அதன்மேல் பொறியைப் பொருத்துவார்கள். பிடிபட்ட உடல் பனிக்கு மேலே தொங்கினால் சுண்டெலிகள் தோலைக் கொறிக்காது. நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கான பீவருக்குப் பனிக்கட்டியை உடைத்து அடியில் வைக்க வேண்டும். நீங்கள் உத்தரத்தில் கண்ட ஒடுங்கிய பலகைகள் உரித்த தோலை இழுத்து மாட்டிக் காயவைப்பவை. தடத்தில் ஆண் போய்வந்தான் என்றால், அவன் நாய்களுக்குக் கோடையில் மீன் பிடித்து உலர்த்தியதும், முயலுக்குக் கண்ணி வைத்ததும், மூஸ் என்னும் பெரிய மானின் தோலைப் பதப்படுத்திக் காலணி தைத்ததும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். இந்தப் பெரியவரின் தாய் இல்லாமல் அந்தத் தடம் ஒரு வாரம்கூட நடந்திருக்காது என்று அவரே சொன்னார்.

அப்படியானால் குடில்கள் ஏன் காலியாயின? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோல் விலை விழுந்தது உண்மை. ஆனால் அதைவிட ஆழமாக வெட்டியது பள்ளி. திருச்சபைகள் அரசின் பணத்தில் நடத்திய விடுதிப் பள்ளிகளுக்குக் கனடா முழுவதிலும் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1945-இல் தொடங்கிய குடும்ப உதவித்தொகைக்கு, பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பிள்ளையைப் பிரிய மனமில்லாத தாய்மார்கள் ஊரில் தங்க, ஆண் மட்டும் தடத்துக்குப் போனான். தனியாளாக எத்தனை குளிர்காலம் தாங்க முடியும்? நாம் இன்று பொறாமைப்படும் அந்தத் தனிமை பல குடில்களில் பின்னால் வந்து சேர்ந்தது; பிள்ளைகளை எடுத்துக்கொண்டதால் உண்டானது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அந்தப் பயணத்தில் பொறியில் உறைந்திருந்த ஒரு மார்ட்டனைப் பார்த்தேன். அதன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. காலைக் கவ்வும் இரும்புப் பொறிகள் விலங்கை நீண்ட நேரம் வதைத்தன. அதைக் காணப் பொறுக்காமல், விரைவில் உயிர்போக்கும் பொறியைப் பல்லாண்டு முயன்று உருவாக்கியவர் ஃபிராங்க் கோனிபேர். அவரே வடமேற்குப் பகுதிகளில் பொறி வைத்து வாழ்ந்தவர். மேலும், பீவரும், அதைவிடச் சிறிய நீர்க் கொறிவிலங்கான மஸ்க்ராட்டும் தோலுக்காக மட்டும் கொல்லப்படவில்லை. அவற்றின் இறைச்சியை மனிதர்களும் நாய்களும் உண்டார்கள். கொலை கொலைதான். ஆனாலும் அந்த வாழ்வை நான் மதிக்கிறேன்.

நீங்கள் எழுதிய இரண்டு சிறு செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றரை அடி நீளத் தட்டு என்கிறீர்கள். பீல் ஆற்றுக் குடிலிலும் அப்படி ஒன்று இருந்தது. அதில்தான் தாமும் தங்கையும் கால்மாற்றிப் படுத்து உறங்கியதாகப் பெரியவர் கையால் தடவிக் காட்டினார். உங்கள் குடிலிலும் அது படுக்கையாக இருந்திருக்கலாம்.

அடுத்தது, நீங்கள் எரித்த சுள்ளி. அது மிச்சம் கிடந்த விறகன்று. உறைந்த ஆற்றில் கால் நனைந்து, விரல் மடங்காத நிலையில் ஒருவன் வந்து சேர்ந்தால், கோடரி பிடிக்கவோ மரம் பிளக்கவோ அவனால் இயலாது. ஒரு தீக்குச்சியை உரசத்தான் முடியும். அதற்காகவே குடிலைப் பூட்டாமல், புறப்படும் முன் மரச்சீவலும் சுள்ளியும் அடுப்பருகே நிரப்பி வைப்பது அங்கே வழக்கம். எரித்தவர் அதே அளவு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பயணத்தின் கடைசிக் காலையில் பெரியவர் ஒரு மணி நேரம் விறகு பிளந்தார். அந்த வழியாக இப்போது யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். ஐந்தாறு ஆண்டுகளாக யாரும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே சீவலை அடுப்புக்குள் அடுக்கி, தீப்பெட்டியை மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்தார்.

நீங்கள் அடுத்த ஆண்டும் அந்த ஆற்றில் செல்வதாக இருந்தால், ஒரு கைக்கோடரியும் மூடியுள்ள புட்டி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். செல்லவில்லை என்றால், அந்த வழியில் போகும் யாரிடமாவது குடில் இருக்கும் வளைவைச் சொல்லி, பெட்டியை நிரப்பச் சொல்லுங்கள். அக்டோபருக்கு முன் செய்தால் நல்லது.

அன்புடன்.